எமில்டா அக்காவின் வலது பக்கம்

எமில்டா அக்காவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அவருடைய குரலைத்தான் எனக்குத் தெரியும்.

1993இன் தொடக்கம், நல்ல பனிக்காலம். ஸ்காபரோவில் ஒன்பதாம் மாடியில் ஓர் அப்பார்ட்மென்ற். என் மகள் கௌசி அப்போது கைக்குழந்தை. என் கணவர் ராகுலனுக்குப் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை கிடைத்திருந்தது. பகலில் அவர் நித்திரை, இரவில் வேலை. எனக்குப் பேச்சுத் துணை என்று ஒருவரும் இல்லை. ஒரு நாள் காலையில் ரெலிபோன் அடித்தது. பிழையான நம்பராக இருக்கும் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"பிள்ளை, நான் எமில்டா. அல்பேட்டின்ர மனுசி. உங்கட அவரும் எங்கட அவரும் ஒரே இடத்திலதான் வேலை. குழந்தை இரவு நித்திரை கொண்டதோ?"

வேறு முன்னுரை கிடையாது. குழந்தைக்கு மூக்கடைப்பு என்றேன். ஹீற்றருக்குப் பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீர் வைக்கச் சொன்னார். நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். இல்லை என்றதும், "அப்ப வைக்கிறன், சாப்பிடுங்கோ" என்று வைத்துவிட்டார். மறுநாளும் அதே நேரத்துக்குப் போன் எடுத்தார். நாலைந்து மாதம் கழித்து, பனி கரைந்த பிறகுதான் ஆளை நேரில் கண்டேன். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட மெலிந்த, சிறிய மனுசி.

என்னைப்போல இன்னும் பலர் இருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. புருசன் வராமல் தனியே வந்திருந்த பெண்கள், பேஸ்மென்றில் கிடந்த வயதானவர்கள், அகதி வழக்கு முடியாமல் தவித்த பெடியள். நேர்சிங் ஹோம் சமையலறையில் வேலை முடித்து வந்து, தன் வீட்டுச் சமையலைச் செய்துகொண்டே அக்கா எல்லாருக்கும் போன் எடுப்பார். அஜின்கோர்ட்டில் ஒரு சிறிய செங்கல் வீட்டை வாங்கிப் போனபோது, குசினிச் சுவரில் நீண்ட சுருள் வயர் வைத்த போன் ஒன்றைப் பூட்டுவித்தார். அந்த வயர் அடுப்புக்கும் எட்டும், பின்கதவுக்கும் எட்டும்.

அல்பேட் அண்ணை நேர் எதிர். மன்னாரில் பேசாலைக்காரர், அங்கே மீன்பிடி வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்தினவர், இங்கே பாண் மெசின்களைத் திருத்தினார். நல்ல மனுசன், ஆனால் வாய் திறப்பது குறைவு. போன் என்றால் இன்னும் மோசம். அக்கா குளித்துக்கொண்டிருக்கும்போது அடித்தால், அது அடித்து ஓயும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "அப்பாக்கு போன் எண்டா ஸ்கெயரி, அன்ரி" என்று மகள் ஸ்டெபனி சொல்லிச் சிரிப்பாள். ராகுலனின் மனைவி குழந்தையோடு தனியே இருக்கிறாள் என்று அக்காவிடம் சொன்னதே அவர்தான் என்பதை அறிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

1997 யூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, மீன் வெட்டிக்கொண்டே அக்கா எனக்குப் போன் எடுத்திருந்தார். பின்னேரம் மூன்று மணிக்கே வெளியில் இருட்டிக்கொண்டு வந்தது. எங்கள் பல்கணியிலிருந்து பார்த்தால் அவர்கள் வீட்டுப் பக்கம் வானம் மையாகக் கிடந்தது.

"அக்கா, அங்கால பெரிய மழை போல."

"வரட்டும் பிள்ளை. கத்தரிக்கண்டெல்லாம் வாடிப்போய் நிக்குது. நீ உடுப்பை எடுத்து..."

என் காதில் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். யாரோ நகத்தால் தட்டியதுபோல, அவ்வளவுதான். அதன் பிறகு அக்காவின் குரலும் இல்லை, வழக்கமான இரைச்சலும் இல்லை. நான் "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இடி வந்து எங்கள் ஜன்னல்களை ஆட்டியது.

திரும்ப எடுத்தேன். மறுபக்கம் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. நித்திரையில் கிடந்த ராகுலனை எழுப்பி, கௌசியையும் தூக்கிக்கொண்டு காரில் ஓடினோம்.

அவர்கள் தெருவுக்குள் போக முடியவில்லை. தீயணைப்பு வண்டிகள் இரண்டு குறுக்கே நின்றன. வீட்டின் புகைபோக்கியைக் காணவில்லை. அதன் செங்கற்கள் பக்கத்து வீட்டு வாசல்வரை சிதறிக் கிடந்தன. கூரையிலிருந்து சாம்பல் நிறத்தில் புகை மழைக்குள் எழும்பிக்கொண்டிருந்தது. தெரு முழுக்க ரப்பர் எரிந்த நாற்றம்.

பக்கத்து வீட்டுப் படியில் அக்கா இருந்தார். யாரோ ஒரு கம்பளிப் போர்வையைச் சுற்றிவிட்டிருந்தார்கள். அல்பேட் அண்ணை அவருக்கு முன்னால் குந்தியிருந்து, செருப்பில்லாத அந்த இரண்டு பாதங்களையும் கைகளால் பொத்திப் பிடித்துக்கொண்டு ஏதோ திரும்பத் திரும்பச் சொன்னார். அக்கா அவருடைய வாயையே பார்த்தார்.

"என்ன சொல்லுறியள்? சத்தமாச் சொல்லுங்கோ."

அக்கா கத்திய கத்தலில் தீயணைப்புக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

நடந்ததை அண்ணை பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவர் பேஸ்மென்றில் புல் வெட்டும் மெசினைக் கழற்றிக்கொண்டிருந்தாராம். ஷெல் விழுந்தது என்றுதான் முதலில் நினைத்தாராம். இது கனடா என்பது மேலே ஓடிவந்த பிறகுதான் நினைவில் வந்ததாம். குசினிக்குள் புகை. போன் சுவரைவிட்டுப் பிய்ந்து, கருகி, மற்ற மூலையில் கிடந்தது. அக்கா பிரிட்ஜில் முதுகைச் சாய்த்தபடி, கண் திறந்தபடி, தரையில் இருந்தார். மின்னல் புகைபோக்கியில் இறங்கி, போன் வயர் வழியாகப் போயிருக்கிறது. அண்ணை அக்காவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். ஸ்டெபனி தன்பாட்டில் ஓடி வந்துவிட்டாள்.

நெருப்பை அணைத்து முடித்ததும், ஒரு தீயணைப்புக்காரர் ஒரு கறுப்புப் பையை ஸ்டெபனியிடம் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே கலியாணப் படமும் மடு மாதா படமும் துவாயால் சுற்றியிருந்தன. தண்ணீர் அடிக்க முதல் அவராகவே சுவரிலிருந்து கழற்றி வைத்திருக்கிறார். அந்த மனிதரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அக்காவின் இடது காதுச் சவ்வு கிழிந்திருந்தது. உள் நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றார்கள். வலது காது மந்தமாகியிருந்தது. அது மெல்ல மெல்ல வரும், இடதைப்பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டொக்டர். இடது கையில் ஒரு எரிகாயம். வேறொன்றும் இல்லை. உயிர் தப்பியது பெரிய காரியம் என்று எல்லாரும் சொன்னார்கள். அக்காவுக்கு அது கேட்கவில்லை.

வீட்டில் பாதிக் கூரையும் முழு வயரிங்கும் மாற்ற வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஆள் சொன்னார். அதுவரை தங்குவதற்கு மோட்டலில் ஒரு அறை தருவதாகச் சொன்னார்கள்.

"மோட்டலில சமைக்கேலாது அண்ணை. எங்களிட்டை வாங்கோ" என்றேன்.

அண்ணை என்னைப் பார்த்தார், ராகுலனைப் பார்த்தார், தலையை ஆட்டினார். அன்றைக்குப் பின்னேரமே மூன்று பேரும் வந்துவிட்டார்கள்.

அடுத்த நாட்களில் நாங்கள் அந்த வீட்டுக்குப் போய்ச் சாமான்களைத் தரம் பிரித்தோம். பிரிட்ஜ், ரீவீ, ஸ்டெபனியின் கொம்பியூட்டர், சோறு ஆக்கும் குக்கர், எல்லாம் செத்துக் கிடந்தன. சுவரில் உள்ள பிளக் ஒவ்வொன்றுக்கும் மேலே மீசை வைத்ததுபோலக் கரி. கூரையால் இறங்கிய தண்ணீர் அரிசி வாளிக்குள் போய், அரிசி ஊதி மூடியைத் தள்ளிவிட்டிருந்தது. உடுப்புகளை எத்தனை தரம் தோய்த்தாலும் அந்த ரப்பர் நாற்றம் போகவில்லை. குசினிச் சுவரில், போன் இருந்த இடத்திலிருந்து தரைவரைக்கும் ஒரு கறுப்புக் கோடு இறங்கியிருந்தது. அண்ணை அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். அந்தச் சுவரை எப்படியும் உடைக்கத்தான் போகிறார்கள் என்று ராகுலன் சொல்லியும் தேய்த்தார். அக்கா முன் அறையைத் தாண்டி உள்ளே வரவில்லை.

எங்கள் வீட்டில் அக்கா மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தார். காதுக்குள் ஓயாமல் ஒரு சத்தம், உள்ளே யாரோ அரிசி புடைப்பதுபோல இருக்கிறது என்றார். தான் எவ்வளவு சத்தமாகக் கதைக்கிறார் என்பது அவருக்கே தெரியவில்லை. ஒரு நாள் கடையில் முருங்கைக்காயை எடுத்துப் பார்த்து, "உது நேத்தையானோ இண்டையானோ?" என்று கேட்டார். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஸ்டெபனி அவரின் கையைப் பிடித்தாள். "அம்மா, யூ ஆர் ஷவுட்டிங்."

பிள்ளை அதட்டிச் சொல்லவில்லை. ஆனால் அக்கா அன்றோடு வாயை மூடிக்கொண்டார். கேட்டால் தலையாட்டல், இல்லாவிட்டால் கையசைவு. நான் போனை எடுக்கப் போவதைக் கண்டால் எழுந்து பல்கணிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொள்வார். அழைப்புகளோ நிற்கவில்லை. எமில்டா அக்காவுக்கு என்ன, எமில்டா அன்ரி எப்படி என்று எங்கிருந்தெல்லாமோ எடுத்தார்கள். சுகம் என்று மட்டும் சொல்லி வைப்பேன். அவர்களுடைய கதைகள் எனக்குத் தெரியாது. அக்காவுக்குத்தான் தெரியும்.

அண்ணை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருசமாக அந்தக் குடும்பத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைத்தவர் அக்கா. இப்போது இருவருமே பேசாமல், சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள்.

ஒரு பின்னேரம், சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, அக்கா மிகவும் தணிந்த குரலில் சொன்னார்:

"பொன்னம்பலம் ஐயா."

பொன்னம்பலம் ஐயா ஊரில் தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே ஒரு பேஸ்மென்ற் அறையில் தனியே இருந்தார். சீனி வருத்தம். அதற்கான மருந்துக் குளிசை போட்டாரா என்று அக்கா ஒவ்வொரு நாளும் அவருக்கு எடுத்துக் கேட்பார். மின்னல் விழுந்த நாளிலிருந்து ஒருவரும் கேட்கவில்லை.

"நான் எடுக்கிறன் அக்கா" என்று எழுந்தேன். அக்கா தலையை ஆட்டி மறுத்துவிட்டு, அண்ணையைப் பார்த்தார்.

"நீங்கள் எடுங்கோ. பிள்ளையை அவருக்குத் தெரியாது. கூச்சப்படுவார்."

அண்ணை உடுத்திருந்த சாரத்தில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே இன்னொரு தரம் துடைத்தார். அக்கா மனப்பாடமாகச் சொன்ன நம்பரை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"ஐயா, நான் அல்பேட். எமில்டாவின்ர... ஓம், ஓம். குளிசை போட்டியளோ எண்டு கேக்கச் சொன்னவ. சரி."

வைத்துவிட்டார்.

"என்னவாம்?"

அண்ணை குனிந்து, அக்காவின் வலது காதுக்குக் கிட்ட வாயை வைத்தார். "போட்டவராம்."

"சாப்பிட்டவராமோ?"

"அது கேக்கேல்லை."

"கால் வீக்கம்?"

அண்ணை போனைத் திரும்பிப் பார்த்தார்.

"பின்னை என்னத்துக்கு எடுத்தனீங்கள்?"

அக்கா முழுச் சத்தத்தில் கேட்டுவிட்டார். கௌசியின் கையிலிருந்த கரண்டி விழுந்தது. அக்கா எங்கள் எல்லாருடைய முகத்தையும் பார்த்து, விசயம் விளங்கி, கையால் வாயைப் பொத்தினார். பொத்திய கைக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குமுன் அண்ணை திரும்பவும் நம்பரை அழுத்திக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. வேலைக்குப் போகுமுன் அண்ணை போனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போடுவார். அவருக்கு இடப் பக்கத்தில் அக்கா ஒட்டி இருப்பார், வலது காது அவரை நோக்கி இருக்கும்படியாக. மறுபக்கத்தில் சொல்வதைக் கேட்டு அண்ணை அந்தக் காதுக்குள் சொல்வார். அக்கா கேட்கச் சொல்வதை அப்படியே போனில் கேட்பார். "வயித்துக்குள்ள இருக்கிற பிள்ளை துடிக்குதாமோ எண்டு கேக்கிறா" என்று முகம் சிவந்து ஒரு பெண்ணிடம் கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆனால் அண்ணை கதைப்பதில் ஒரு வித்தியாசம் இருந்தது. ஒரு கேள்வி கேட்டால், அவருக்கு அடுத்தது வராது. பதில் வந்த பிறகும் காதில் வைத்தபடி பேசாமல் நிற்பார். அந்த அமைதி தாங்காமல் மற்றவர்கள் மேலே கதைக்கத் தொடங்குவார்கள்.

அப்படித்தான் ஒரு நாள் பொன்னம்பலம் ஐயா "ஓம் தம்பி, போட்டனான்" என்று சொன்னார். அண்ணை வைக்கவுமில்லை, கதைக்கவுமில்லை. கனநேரம். பிறகு அண்ணையின் முகம் மாறியது.

"எப்ப முடிஞ்சது?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, "நான் வாறன். நீங்கள் சேட்டும் செருப்பும் போட்டுக்கொண்டு இருங்கோ" என்றார்.

திரும்பி வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். பொன்னம்பலம் ஐயாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய்வந்திருந்தார். ஐயாவின் குளிசை எப்போதோ முடிந்துவிட்டதாம். டொக்டரிடம் கூட்டிப் போகச் சொல்லி ஒருவரைக் கேட்பதற்கு வெட்கமாம். காலில் ஒரு புண், நல்ல வேளையாக இன்னும் ஆழமாகவில்லை. அண்ணை அக்காவின் காதருகே இருந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"என்னட்டை ஒவ்வொரு நாளும் 'போட்டனான் பிள்ளை' எண்டவரே" என்றார் அக்கா.

"நீர் ஒண்டைக் கேட்டவுடனே அடுத்ததைக் கேப்பீர். அந்த மனுசனுக்குப் பொய் சொல்லத்தான் நேரம் இருந்தது."

அண்ணை அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அக்காவும் அப்படி எடுக்கவில்லை. 

"நீங்கள் என்ன கேட்டனீங்கள்?"

"நான் ஒண்டும் கேக்கேல்லை. பேசாமல் நிண்டனான்."

அக்கா அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் கௌசியைக் கூட்டிக்கொண்டு அறைக்குள் போய்விட்டேன்.

இலை நிறம் மாறத் தொடங்கும்போது வீடு முடிந்தது. போனைப் பழைய இடத்திலேயே பூட்டுவதா என்று வேலைக்காரர்கள் கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லி, முன் அறைக்குப் போகும் நடையில், ஒரு கதிரை போடக்கூடிய இடமாகப் பார்த்து வைப்பித்தார் அண்ணை. அக்கா புதுச் சுவர்களைக் கையால் தடவியபடி ஒவ்வொரு அறையாகப் போனார். குசினிக்குள்ளும் போனார். வலது காது நன்றாகத் தெளிந்திருந்தது. குரலும் பழைய அளவுக்கு வந்திருந்தது. போனை மட்டும் தொடவில்லை. எடுப்பதும் கதைப்பதும் அண்ணைதான்.

நவம்பரில் ஒரு ஞாயிறு. நாங்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தோம். போன் அடிக்க, அண்ணை போய் எடுத்தார். குரலைக் கேட்டதும் ரிசீவரைக் கையால் பொத்தினார்.

"றீற்றா" என்றார் எங்களைப் பார்த்து.

றீற்றா, எமில்டா அக்காவின் தங்கை. மடு அகதி முகாமில் இருந்தவர். ஒரு வருசத்துக்கு மேலாக ஒரு தகவலும் இல்லை. அன்றைக்குத்தான் எப்படியோ கொழும்புக்கு வந்து சேர்ந்து, ஒரு போன் கடையிலிருந்து எடுத்திருக்கிறார்.

அக்கா எழுந்தார். இரண்டடி முன்னே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எரிகாயம் பட்ட கையை மற்றக் கையால் மூடிக்கொண்டார். அண்ணை வா என்று கூப்பிடவில்லை. "போனை வையாத பிள்ளை, அக்கா வாறா" என்று போனில் சொன்னார். வயர் எட்டுமட்டும் இழுத்துக்கொண்டு அவர்தான் அக்காவிடம் போனார். அக்காவின் வலது காதுக்குப் பக்கத்தில், காதில் முட்டாமல், ஒரு விரல் இடைவெளி விட்டு ரிசீவரைப் பிடித்தார்.

"றீற்றா? நான் அக்கா. கொஞ்சம் சத்தமாக் கதை."

பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். அழுதுகொண்டே கதைத்தார்கள். யார் யார் உயிரோடு, யார் எங்கே, பிள்ளைகள் படிக்கிறார்களா என்று அது நீண்டுகொண்டே போனது.  அண்ணை ரிசீவரை மற்றக் கைக்கு மாற்றினார். ராகுலன் இரண்டு கதிரைகளைக் கொண்டுபோய்ப் போட்டார், ஒருவரும் இருக்கவில்லை. எப்போது என்று நான் கவனிக்கவில்லை, அக்காவின் கை எழும்பி அண்ணையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அங்கிருந்து மெல்ல மேலே ஏறி ரிசீவரைப் பிடித்தது. அண்ணை உடனே விடவில்லை. றீற்றா வைக்கும்வரை இருவரும் சேர்ந்தே பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அன்றோடு அக்காவின் பயம் முற்றாகப் போனது என்று சொல்ல மாட்டேன். மழை இருட்டினால் இன்றுவரை அவர் போனை எடுப்பதில்லை. ஆனால் மறுநாள் காலையில் எனக்கு எடுத்தார். நான் சாப்பிட்டேனா என்று கேட்டுவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, பதிலுக்குக் காத்திருந்தார்.

இடது காது திரும்பவில்லை. அது ஒரு புதுப் பிரச்சினையைக் கொண்டுவந்தது. இந்த நாட்டுக் காரில் ஓட்டுபவர் இடப் பக்கம், பக்கத்தில் இருப்பவர் வலப் பக்கம். அண்ணை ஓடும்போது அக்காவின் கேளாத காதுதான் அவர் பக்கம் இருந்தது. அண்ணையோ இப்போதுதான் கதைக்கப் பழகியிருந்தார். சிவப்பு லைற் விழும்வரை சொல்லவேண்டியதை வைத்திருந்து, விழுந்ததும் உடம்பையே திருப்பி, எட்டி, அக்காவின் மற்றக் காதைத் தேடிப்போய்ச் சொல்வார். லைற் பச்சையாகிவிடும். பின்னால் நிற்பவர்கள் ஹோர்ன் அடிப்பார்கள்.

பூசை முடிந்து ஒரு நாள், கோயில் கார் தரிப்பிடத்தில், அண்ணை சுற்றி வந்து அக்காவின் பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"இறங்கும்."

"ஏன், என்ன?"

"நீர் ஓடும். நான் இந்தப் பக்கம் இருக்கிறன். அப்ப கேக்கும்."

அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. ஊரில் சைக்கிள்கூட ஓடினதில்லை. "எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார்.

"எனக்கும்தான்" என்றார் அண்ணை.

அந்தக் குளிர் முழுக்க, வெறுமையாய்க் கிடந்த தரிப்பிடங்களில் பழகினார்கள். எழுத்துச் சோதனை பாஸ். ஒரு வருசம் கழித்து எடுத்த ஓட்டச் சோதனையில் முதல் தரம் பெயில். தெருக் கரைக்குச் சமாந்தரமாகக் காரை நிறுத்த வரவில்லையாம். அக்கா இரண்டு நாள் யாருக்கும் போன் எடுக்கவில்லை, பிறகு எடுத்தார். அடுத்த தரம் பாஸ்.

பனி கரைந்த பிறகு ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நானும் கௌசியும் பல்கணியில் நின்று பார்த்தோம். தெரு முனையிலேயே சிக்னலைப் போட்டுக்கொண்டு, கார் ஆமை வேகத்தில் வந்தது. பின்னால் ஒரு வரிசை. இரண்டு கார் நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டு சரிவாக நின்றது. ஓட்டும் இடத்தில் அக்கா. பக்கத்தில் அண்ணை, கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா தலையைச் சற்று அவர் பக்கம் சரித்துக் கேட்டார்.

கன நேரமாகியும் அவர்கள் இறங்கவில்லை. நான் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதித்துவிட்டது.

"ஏனம்மா அவை வராமல் இருக்கினம்? நான் போய்க் கூப்பிடட்டே?" என்று கௌசி கேட்டாள்.

"வேண்டாம், கதைச்சு முடியட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுப்பைக் குறைக்க உள்ளே போனேன்.